சிவப்பு வயிறு, கூரிய பல்: பிரானா எப்போது மனிதரைக் கடிக்கிறது?

கொழும்பில் வாட்ஸ்அப் வைத்திருப்பவர்களுக்கு இந்த மாதிரிப் படம் ஒரு தடவையாவது வந்திருக்கும். ஒருவரின் உள்ளங்கையில் தட்டையான வெள்ளி நிற மீன். வயிற்றுப் பக்கம் செம்மஞ்சள். பல் தெரியட்டும் என்று உதட்டை விரலால் ஒதுக்கிப் பிடித்திருப்பார். கீழே ‘வெள்ளவத்தைக் கால்வாயில் பிரானா! பிள்ளைகளைத் தண்ணீர்ப் பக்கம் விடாதீர்கள்’ என்று எழுதியிருக்கும். இன்னொரு நாள் அதே மீன் பேர வாவிக்குப் போய்விடும். அப்புறம் பொல்கொட, அப்புறம் களனி கங்கை.

இந்தப் படத்தோடு இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டு வருகின்றன. பிடிபட்டது பிரானாதானா என்பது ஒன்று. பிரானா மனிதரைத் தின்னும் என்ற கதை எவ்வளவு தூரம் சரி என்பது மற்றது. படத்தைப் பகிர்பவர்கள் யாரும் கேட்காத மூன்றாவது கேள்வியும் உண்டு: அந்த மீன் எந்த இனமாக இருந்தாலும், தென் அமெரிக்க ஆற்று மீன் கொழும்பு வாய்க்காலுக்கு எப்படி வந்தது?

பல்மீன்

பிரானா நன்னீர் மீன். அமேசான், ஒரினோகோ, பராகுவே, பரானா, சாவ் பிரான்சிஸ்கோ ஆகிய தென் அமெரிக்க ஆற்றுப் படுகைகள்தான் அதன் சொந்த இடம். பெயர் துப்பி என்ற பழங்குடி மொழியிலிருந்து வந்தது. ‘பிரா’ என்றால் மீன். பின்பாதி பல்லைக் குறிக்கிறது. கடல் அதற்குச் சரிவராது. ஆகவே தெஹிவளைக் கடலில் பிரானா என்று செய்தி வந்தால் மேற்கொண்டு வாசிக்கத் தேவையில்லை.

பிரானா என்ற பெயரில் பல இனங்கள் இருக்கின்றன. மற்ற மீன்களின் செதிலையும் செட்டையையும் கொறித்தே வாழ்பவை சில. படங்களில் வருவது பெரும்பாலும் செவ்வயிற்றுப் பிரானா. விஞ்ஞானப் பெயர் பைகோசென்ட்ரஸ் நாட்டெரெரி. வளர்ந்தது பொதுவாக 20 முதல் 30 சென்டிமீட்டர் வரை இருக்கும், அதாவது ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் அடங்கும். சிறு மீன், பூச்சி, செத்த விலங்கின் தசை எல்லாம் தின்னும். விதையும் பழமும் கூட வயிற்றில் இருக்கும்.

பல் விஷயத்தில் மட்டும் கதைகள் பொய் சொல்லவில்லை. மேலும் கீழும் ஒற்றை வரிசையாக முக்கோணப் பற்கள். ஒவ்வொரு பல்லும் பக்கத்துப் பல்லோடு கொளுவி நிற்பதால் முழு வரிசையும் ஒரே கத்தி அலகு போல வேலை செய்கிறது. தேய்ந்தால் ஒரு பக்கத் தாடையின் பற்கள் ஒன்றாக விழுந்து, உள்ளே தயாராக இருக்கும் புது வரிசை மேலே வருகிறது. 2012இல் வெளியான ஆய்வு ஒன்றில், உயிருள்ள கறுப்புப் பிரானாக்களின் கடிவிசையை ஆற்றங்கரையிலேயே கருவி வைத்து அளந்தார்கள். அதிகபட்சம் 320 நியூட்டன் வந்தது. கிட்டத்தட்ட 32 கிலோ சுமை அந்தச் சின்ன வாயிலிருந்து வருகிறது; மீனின் உடல் எடையைப் போல சுமார் 30 மடங்கு. விரலைக் கொடுத்தால் விரல் போகும். அதில் சந்தேகம் வேண்டாம்.

படத்தில் இருப்பது பெரும்பாலும் பாக்கு

பிரானாவுக்கு ஒரு சொந்தக்கார மீன் இருக்கிறது. பெயர் பாக்கு. நாம் வெற்றிலையோடு போடும் பாக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் தற்செயலாகப் பெயர் பொருந்திப் போகிறது. தண்ணீரில் விழும் கொட்டைகளை உடைத்துத் தின்பதுதான் இந்த மீனின் பிழைப்பு. அதற்கேற்ற பற்கள், தட்டையாகவும் சதுரமாகவும் நம் கடைவாய்ப் பல்லைப் போலவே இருக்கும். படத்தைப் பார்த்தவுடன் மயிர் கூச்செறிவதற்குக் காரணம் இந்த மனிதப் பல் தோற்றம்தான். உண்மையில், பல் மனிதப் பல் போல இருந்தால் அது பிரானா இல்லை என்பதற்கு அதைவிடப் பெரிய அத்தாட்சி தேவையில்லை.

மீன் தொட்டிக் கடையில் பாக்குக் குஞ்சைப் பார்த்தவர்களுக்கு ஏன் குழப்பம் வருகிறது என்று புரியும். ஐந்து ரூபாய்க் குற்றியைவிடக் கொஞ்சம் பெரிய, வட்டமான உடல். பக்கவாட்டில் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள். தொண்டையிலிருந்து வயிறு வரை குங்குமம் தடவியது போன்ற சிவப்பு. இந்த வயதில் அது பிரானாவின் அச்சு. அந்த வேஷத்தால்தான் சில எதிரிகளிடமிருந்து தப்புகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். வளர வளரச் சிவப்பு மங்கும்.

கையில் கிடைத்த மீனை இனங்காண மூன்று விஷயங்கள் போதும்:

1. பல். கூரிய முக்கோணம், ஒற்றை வரிசை என்றால் பிரானா. தட்டையான சதுரம் என்றால் பாக்கு. இது ஒன்றே போதும். மற்ற இரண்டும் வாயைத் திறக்கத் தைரியம் இல்லாதவர்களுக்கு.
2. தாடை. பிரானாவின் கீழ்த்தாடை முன்னுக்குத் தள்ளி நிற்கும், சண்டைக்கு வருபவரின் முகம் போல. பாக்குவில் மேல்தாடைதான் சற்று முன்னால் இருக்கும்.
3. அளவு. இரண்டு கையாலும் தூக்க வேண்டிய மீன் செவ்வயிற்றுப் பிரானாவாக இருக்காது. செவ்வயிற்றுப் பாக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டும். 25 கிலோ வரை எடை வரும்.

பாக்குவும் வதந்தியிலிருந்து தப்பவில்லை. 2013 ஆகஸ்டில் டென்மார்க்குக்கும் சுவீடனுக்கும் இடையிலான நீரிணையில் ஒரு பாக்கு பிடிபட்டது. ஆண்கள் நீச்சல் உடையை இறுக்கிக் கட்டிக்கொள்வது நல்லது என்று அங்குள்ள அருங்காட்சியக நிபுணர் ஒருவர் அரை வேடிக்கையாகச் சொன்னார். சில நாட்களில் அது ‘ஆண்களின் விதையைக் கடிக்கும் மீன்’ என்று உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தியானது. கொட்டை என்ற சொல்லுக்குத் தமிழில் இருக்கும் இரண்டாவது பொருள் ஆங்கிலத்திலும் இருப்பது அந்த மீனின் துரதிர்ஷ்டம்.

கெட்ட பெயர் எங்கிருந்து வந்தது

அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட் 1913–14இல் பிரேசில் காடுகளுக்குள் ஒரு பயணம் போனார். கூடப் போனவர் பிரேசில் இராணுவ அதிகாரி ரொண்டோன். திரும்பி வந்து 1914இல் வெளியிட்ட பயண நூலில், உலகின் மிக மூர்க்கமான மீன் பிரானா என்று எழுதினார். காயம்பட்டு ஆற்றில் இறங்கும் மாட்டையோ மனிதனையோ உயிரோடு கிழித்துத் தின்னும் என்ற வர்ணனை அதில் இருக்கிறது.

இதன் பின்னணியாக ஒரு கதை பரவலாகச் சொல்லப்படுகிறது: பெரிய மனிதர் வருகிறார் என்று ஊர்க்காரர் ஆற்றின் ஒரு பகுதியை வலைபோட்டு அடைத்து, பல நாள் பட்டினி போட்ட மீன்களுக்கு நடுவே ஒரு மாட்டை இறக்கிக் காட்டினார்கள் என்று. நடந்ததோ இல்லையோ, அடைபட்ட தண்ணீரில் பட்டினி கிடக்கும் மீனும் ஓடும் ஆற்றில் இருக்கும் மீனும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. நூறு வருடத்துக்கு மேலாகப் படக்கதைகளிலும் திகில் படங்களிலும் ஓடுவது அந்த முதல் வகை மீன்தான்.

இன்னொரு காரணம் கொஞ்சம் மனதைச் சங்கடப்படுத்துவது. ஆற்றில் மூழ்கி இறந்தவர்களின் உடலைப் பிரானா தின்னும். எலும்பு தெரியும் நிலையில் உடல் கரையொதுங்கினால், மீன்தான் கொன்றது என்று ஊர் முடிவு செய்துவிடும். பிரேசில் விலங்கியலாளர் இவான் சசீமாவும் ஒரு சக ஆய்வாளரும் 1987இல் இதைப் பற்றி எழுதினார்கள். அவர்கள் ஆராய்ந்த உடல்களில் சாவு முதலில் வந்திருந்தது. மீன் பிறகுதான் வந்தது.

கூட்டம் வேட்டைக்கா, பயத்திலா?

பிரானா கூட்டமாகத் திரிவதைப் பார்த்து, ஓநாய்க் கூட்டம் போலச் சேர்ந்து வேட்டையாடுகிறது என்று நீண்ட காலம் நினைத்திருந்தார்கள். ஆன் மகுரன் என்ற பிரித்தானிய ஆய்வாளரும் பிரேசிலின் எல்டர் கெய்ரோசும் அமேசானின் மமிராவுவா காப்பகத்தில் இதைச் சோதித்தார்கள். இரண்டு மீன்களை ஒன்றாக விட்டபோது அவற்றின் செவுள்கள் வேகமாக அடித்தன. அதாவது மூச்சு வாங்கின. எட்டாக விட்டபோது மூச்சு நிதானமானது. எதிரிப் பறவையின் உருவத்தைக் காட்டிப் பயமுறுத்தினாலும், பெரிய கூட்டத்தில் இருந்தவை சீக்கிரம் அமைதியடைந்தன. 2005இல் வெளியான அந்த ஆய்வின் சாரம்: கூட்டம் தற்காப்புக்காக. ஆற்று ஓங்கில், கெய்மன் முதலை, நீர்க்காகம், அரபைமா என்ற பெருமீன் என்று பிரானாவைத் தின்பவற்றின் பட்டியல் நீளமானது. கூட்டத்திலும் இனப்பெருக்க வயதுப் பெரியவை நடுவில் இருக்கும், சின்னவை ஓரத்தில்.

கடிப்பதற்கு முன் எச்சரிக்கும் பழக்கமும் இருக்கிறது. 2011இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் தொட்டிக்குள் ஒலிவாங்கியை இறக்கி, செவ்வயிற்றுப் பிரானா மூன்று வகைச் சத்தம் போடுவதைப் பதிவு செய்தார்கள். முகத்துக்கு முகம் நின்று முறைக்கும்போது நாய்க்குரைப்பு போன்ற ஒன்று. சாப்பாட்டுக்காகச் சுற்றிச் சண்டை போடும்போது மேளம் போல ஒன்று. துரத்தும்போது பல்லை நெறிக்கும் சத்தம். முதல் இரண்டும் காற்றுப்பையைச் சுற்றியுள்ள தசைகளை வேகமாகச் சுருக்குவதால் வருபவை.

மனிதரைக் கடிக்கும் சந்தர்ப்பங்கள்

பயந்த சுபாவமுள்ள மீன் என்றால் கடிக்காது என்று பொருளாகாது. கடிக்கிறது. ஆனால் எங்கே, எப்போது என்பது ஓரளவு கணிக்கக்கூடியது.

1. முட்டைக் காவல். மிக முக்கியமானது இதுதான். கொழும்பில் காகம் கூடு கட்டியிருக்கும் மரத்தின் கீழே போய் உச்சந்தலையில் கொத்து வாங்காதவர் குறைவு. காகம் நம் தலையைத் தின்ன வரவில்லை, போய்த்தொலை என்கிறது. வன்னிக் குளங்களில் மீன் பிடிப்பவர்களுக்கு விராலின் குணம் தெரியும்: குஞ்சுப் பட்டாளத்தோடு இருக்கும் தாய் விரால் எதையும் பாயும். பிரானாவும் அந்த ஜாதி. கரையோரத் தாவரங்களுக்குள் முட்டையிட்டு, பெற்றோர் காவல் நிற்கும். பிரேசிலின் சாவ் பாவ்லோ மாநிலத்தில் சாந்தா குரூஸ் ட கொன்சைசாவ் என்ற சிற்றூரில், அணைகட்டித் தேக்கிய தண்ணீரில் குளித்தவர்களில் 38 பேர் ஐந்து வார இறுதிகளுக்குள் கடிபட்டார்கள். மருத்துவர் விடால் ஹடாடும் சசீமாவும் 2003இல் இதை ஆராய்ந்து எழுதினார்கள். ஆளுக்கு ஒரே ஒரு கடி, பெரும்பாலும் காலில். தின்ன வந்த மீன் ஒரு கடியோடு நிறுத்தாது. ஓடும் ஆற்றை மறித்ததும் தண்ணீர் மெதுவாகி, மிதக்கும் தாவரங்கள் பெருகி, முட்டையிட வசதியான இடம் கூடிவிட்டது. அதே இடத்துக்குக் குளிக்கும் ஆட்களும் கூடிவிட்டார்கள்.

2. எச்சம் விழும் இடம். படகுத்துறையில் மீன் வெட்டிக் குடலை வீசும் இடத்திலும், கொக்குக் குஞ்சுகள் தவறி விழும் மரத்தின் கீழும் பிரானா காத்திருக்கப் பழகிவிடும். அங்கே ‘சளார்’ என்று சத்தம் கேட்டால் சாப்பாடு என்று பொருள். கையை அலம்பப் போகிறவருக்கு அது தெரியாது.

3. வற்றிய குட்டை. கோடையில் ஆறு பின்வாங்கும்போது குட்டைகளில் சிக்கும் மீன்கள். இரை தீர்ந்து, நெருக்கம் கூடும். ரூஸ்வெல்ட் கதைக்குக் கொஞ்சமாவது உண்மை இருந்தால் அது இங்கேதான்.

4. தூண்டில். படகுக்குள் துள்ளும் மீனிலிருந்து தூண்டிலைக் கழற்றப் போய் விரலைக் கொடுப்பது. அமேசான் மீனவர்களின் கைத்தழும்புகளில் நிறைய இந்தக் கணக்குத்தான்.

பெரிய அளவில் செய்தியான சம்பவம் 2013 டிசம்பர் 25இல் ஆர்ஜென்டினாவின் ரொசாரியோவில் நடந்தது. வெப்பம் 38 பாகை. பரானா ஆற்றில் குளிக்க ஊரே இறங்கியிருந்தது. ‘பலோமெட்டா’ என்று அங்கே அழைக்கப்படும் பிரானா வகை கடித்து சுமார் 70 பேர் காயப்பட்டார்கள். ஒரு சிறுமி விரலின் ஒரு பகுதியை இழந்தாள். கவனிக்க வேண்டியது, அன்றும் யாரையும் மீன்கள் சூழ்ந்து தின்னவில்லை. காலிலும் கையிலும் தனித்தனிக் கடிகள். பிரானா உள்ள ஆறுகளில் ஆட்கள் தினமும் குளிக்கிறார்கள், துணி துவைக்கிறார்கள். மாலையில் அதே பிரானாவைப் பொரித்தும், சூப் வைத்தும் சாப்பிடுகிறார்கள்.

சரி, கொழும்புத் தண்ணீருக்கு எப்படி வரும்?

தானாக வராது. யாராவது கொண்டுவந்து விட வேண்டும். பிரானாவை உயிருடன் இறக்குமதி செய்வதற்கு இலங்கையில் தடை உண்டு. பாக்குவும் மற்றத் தொட்டி மீன்களும் வேறு கதை. தொடர்மாடி வீட்டு வரவேற்பறையில் இரண்டடித் தொட்டி. அதில் வாங்கிவிட்ட குற்றியளவு பாக்குக் குஞ்சு ஒரு வருடத்தில் தொட்டிக்குள் திரும்ப இடமில்லாமல் நிற்கும். கூட இருந்த மீன்கள் காணாமல் போயிருக்கும். கொல்ல மனம் வராது, கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டார். இரவோடு இரவாக ஒரு வாளி கால்வாய்க்குப் போகும். வெள்ளமும் சில சமயம் இந்த வேலையைச் செய்துவிடும். 2016 மே மாதம் களனி கங்கை பெருகிக் கொலன்னாவை, வெல்லம்பிட்டி வீடுகளுக்குள் புகுந்தது போல ஒரு வெள்ளத்தில் முற்றத்துக் குளம் எது, ஆறு எது என்று மீனுக்கு வித்தியாசம் தெரியாது.

விடப்பட்ட மீன் பிழைக்குமா? செவ்வயிற்றுப் பிரானாவுக்கு ஏற்ற வெப்பம் 24 முதல் 30 பாகை வரை. கொழும்பின் நன்னீர் வருடம் முழுவதும் கிட்டத்தட்ட அந்த அளவில்தான். குளிர்நாடுகளில் பனிக்காலமே இந்த மீன்களை முடித்துவிடும். நமக்கு அந்த வசதி இல்லை. ஆனால் ஒரு மீன் பிழைத்திருப்பது வேறு, இனம் நிலைபெறுவது வேறு. ஆணும் பெண்ணுமாகப் போதிய எண்ணிக்கை ஒரே இடத்தில் சேர வேண்டும். முட்டையிட இடம் வேண்டும். குஞ்சுகள் தப்பி வளர வேண்டும். ஒற்றை மீனின் படம் இவற்றில் எதையும் காட்டுவதில்லை.

அமேசான் பக்கத்துச் சரக்கு ஒன்று கொழும்பில் எப்போதோ நிலைபெற்றுவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். ஊதாப்பூப் பூக்கும் ஆகாயத்தாமரை, சிங்களத்தில் ‘ஜப்பான் ஜபர’. பெயரில் ஜப்பான் இருந்தாலும் பூர்வீகம் தென் அமெரிக்கா. அழகுக்காகக் கொண்டுவரப்பட்டு, சில வருடங்களிலேயே நீர்நிலைகளை மூடத் தொடங்கியதால், 1909இல் அதற்கென்றே தனிக் கட்டளைச் சட்டம் போட வேண்டி வந்தது. நூறு வருடம் தாண்டியும் கால்வாய்களில் இருந்து அள்ளிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

மீன்களிலும் இதே கதை. தொட்டிக் கண்ணாடியைத் துப்புரவாக்க வாங்கும், வாயால் ஒட்டிக்கொள்ளும் ‘டேங்க் கிளீனர்’ இலங்கை ஆறுகளிலும் நீர்த்தேக்கங்களிலும் பெருகிவிட்டது. முதலை மூஞ்சியுள்ள வட அமெரிக்க அலிகேட்டர் கார் தியவன்னா ஓயாவில் பிடிபட்டது. தெதுறு ஓயா நீர்த்தேக்கத்தில் வெளிநாட்டு விரால் பெருகியதால், பிடித்துக் குறைப்பதற்காகத் தூண்டில் போட்டியே வைத்தார்கள். இவை எதுவும் குளிப்பவரின் காலைப் பிடித்து இழுக்கவில்லை. நட்டம் மீனவரின் வலையில் தெரிகிறது: வழக்கமாக விழும் மீன் குறையும், விலை போகாத மீன் நிறையும். டேங்க் கிளீனரின் முரட்டுச் செதில் வலையைக் கிழிப்பது தனி. பல் தெரியாத மீன் என்பதால் இதன் படத்தை யாரும் பகிர்வதில்லை.

தூண்டிலில் சிக்கினால்

1. வெறுங்கையால் வாயைத் திறக்க வேண்டாம். பாக்குவின் கடியும் லேசானது அல்ல. கொட்டை உடைக்கும் தாடைக்கு விரல் எலும்பு பெரிய விஷயமில்லை. இடுக்கியால் தூண்டிலைக் கழற்றுங்கள்.
2. இரண்டு படம் எடுங்கள்: பக்கவாட்டில் முழு உடல் ஒன்று, பல் தெரிய ஒன்று. பக்கத்தில் ஒரு பேனாவை வைத்தால் அளவு தெரியும். பிடித்த இடமும் திகதியும் முக்கியம். அவை இல்லாத படம்தான் வாவி வாவியாக ஊர் சுற்றுகிறது.
3. திரும்பத் தண்ணீரில் விட வேண்டாம். பனிக்கட்டியில் வைத்து, கடற்றொழில் திணைக்களத்துக்கோ, நாரா என்ற தேசிய நீரியல் வள ஆய்வு நிறுவனத்துக்கோ தெரிவிக்கலாம்.
4. கடிபட்டால், ஓடும் நீரிலும் சவர்க்காரத்திலும் காயத்தைக் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மருத்துவரிடம் போகவும். ஏற்பு ஊசி தேவைப்படலாம். காயம் கால்வாய்த் தண்ணீரில் நனைந்தது என்பதை மறக்காமல் சொல்ல வேண்டும். எலிக்காய்ச்சல் கிருமி தோலில் உள்ள வெட்டு வழியாகவும் உள்ளே போகும். அறிகுறி பொதுவாக ஒன்று முதல் இரண்டு வாரத்துக்குள் தெரியவரும். அந்த நாட்களில் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலித்தாலோ கண் சிவந்தாலோ, பனடோலைப் போட்டுக்கொண்டு வீட்டில் படுத்திருக்க வேண்டாம்.